ஆடுற புல்லி

பை காலுல இடிக்குதுங்களா தம்பி? சொல்லுங்க, இந்தப் பக்கமா இழுத்துக்கறேன். மேல வெக்கலாம்னா கண்டக்டர் வையுவாரு. போன தடவை ஒரு வளைவுல சரிஞ்சு, முன்னால உக்காந்திருந்த அம்மா மடியில விழுந்துருச்சு. நல்லவேளைக்கு அந்தம்மா மடியில அரிசிப் பை இருந்துச்சுங்க. இல்லீன்னா தொடை எலும்பு போயிருக்கும். உள்ள பூராவும் இரும்பு. ஸ்பேனரு, சுத்தியலு, போல்ட்டு நட்டு, டார்ச்சு, அப்பறம் ரெண்டு புது பெல்ட்டு.

கோத்தகிரி வரைக்கும் போறீங்களா? சேரீங்க. நான் அதுக்கு முந்தியே அரவேனுல எறங்கிக்குவேன். மக வீடு. விருந்துக்குப் போறேன்னு நெனைச்சுராதீங்க. வேலைக்குப் போறேன். மக வீட்டுக்கு ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டுப் போற அப்பனை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. இந்தா, பாத்துக்குங்க.

மைசூர்பாகும் இருக்குது. அது வேற பையில.

என்ற பேரு திருமூர்த்தி. கோயமுத்தூருல சங்கனூர்ப் பக்கம் கிரைண்டர் திருமூர்த்தின்னு கேட்டீங்கன்னா கைக்கொழந்தை கூட வழி சொல்லும். கணபதியில கிரைண்டர் கம்பெனியில வேலை பாத்து, பொறவு சொந்தமா ரிப்பேர்க் கடை வெச்சேன். இட்டிலிக்கு மாவாட்டுற கிரைண்டருங்க. எத்தனை கல்யாண மண்டபத்துக் கிரைண்டருக்கு நான் பெல்ட்டு மாட்டியிருக்கறேன். நான் மாட்டுன பெல்ட்டை விரலால தட்டுனா டங்குனு கேக்கணும். அமுத்துனா எறங்கக்கூடாது. தொளதொளன்னு மாட்டிக் குடுக்கறதுக்கு எதுக்குங்க ஒரு மெக்கானிக்கு? அதுக்கு அவங்களே மாட்டிக்குவாங்களே.

இறுக்கறதுல எனக்கு ஒரு இது. எங்கூட்டுல ஒரு கதவு கீச்சுங்காது, ஒரு குழாய் சொட்டாது. நான் மூடுன ஊறுகாய்ப் பாட்டிலை நாந்தான் தொறக்கணும். எங்கூட்டுக்காரி மயிலாத்தாள் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு, நான் கடையில இருந்து வர்ற வரைக்கும் வாசல்ல நிப்பா. ஒருவாட்டி மொளகாய்த்தூள் டப்பாவைத் தொறக்க முடியாம அன்னைக்குக் கொழம்பே வெக்கலை. நான் சத்தம் போட்டேன். அவ மோரை ஊத்தி வெச்சா. நல்ல பொம்பளைங்க. வாயே தொறக்க மாட்டா.

சேரி, மெசினுக்கு வர்றேன்.

எம்மக மேகலாவும் மருமகன் தினகரனும் அரவேனுல ஒரு தொழில் பண்றாங்க. இந்த மலையில எங்க பாத்தாலும் ஹோம்ஸ்டே, ரிசார்ட்டுன்னு ஆகிப்போச்சுங்களே, அங்கத்துப் பெட்ஷீட்டு, தலகாணி ஒறை, துண்டு எல்லாத்தையும் மருமகன் வண்டியில எடுத்தாருவாரு. தொவைச்சுக் காய வெச்சுத் தேச்சு மடிச்சுத் திருப்பிக் குடுக்கறது. நல்ல தொழிலு. ஆனா மலையில வெயிலுக்கு எங்க போறது? ஐப்பசி கார்த்திகையில ஒரு துண்டு காயறதுக்குள்ள அடுத்த மழை வந்துரும். மக்குன வாடை அடிச்சா ரிசார்ட்டுக்காரன் மூஞ்சியில வீசுவான். இதுக ரெண்டும் முழிச்சுக்கிட்டு நின்னுச்சு.

நாந்தானுங்க உக்கடத்துல பழைய சாமான் கடையில அந்த டிரையரைப் புடிச்சேன். ஏதோ மூடிப்போன ஓட்டலுது. வெளிநாட்டு மெசினு. பெரிய அண்டாவைப் படுக்கப் போட்ட மாதிரி உள்ள ஒரு டிரம்மு. ஈரத்துணியைப் போட்டுக் கதவைச் சாத்துனா டிரம்மு சுத்தும், சூட்டுக் காத்து அடிக்கும், துணி காஞ்சு வெளிய வரும். அவ்வளவுதான் வித்தை. டிரம்மைச் சுத்தி ஒரே ஒரு பெல்ட்டு, ஒல்லியா நாடா மாதிரி. அதைச் சுத்தறதுக்குக் கீழ ஒரு மோட்டாரு. ரெண்டுக்கும் நடுவுல பெல்ட்டை இழுத்துப் புடிக்கற ஒரு சின்னச் சக்கரம், புல்லிம்பாங்க. அந்தப் புல்லிதானுங்க என்னைப் புடிச்ச சனி.

போன வருசம் பூரா நல்லாத்தான் ஓடுச்சு. இந்த வருசம் ஆடி மாசம் பெல்ட்டு அறுந்துபோச்சு. பழசு, அறுந்துச்சு, அது ஞாயம். மேகலா போன் போட்டா. 'அப்பா, குன்னூருல ஒருத்தரு இருக்கறாரு, பாக்கச் சொல்லட்டுங்களா'ன்னா. நான் சொன்னேன், அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன், உனக்கு எதுக்கு அம்மிணி அடுத்தவன்? அன்னைக்கே பஸ்ஸைப் புடிச்சுட்டேன்.

பின்னாடித் தகட்டைக் கழட்டிப் பாக்கறேன். அந்தப் புல்லி தொங்கலாடுதுங்க. ஆறு வயசுப் பையனுக்குப் பல்லு ஆடுமே, அப்படி. ஒரு ஸ்பிரிங்குல மாட்டி ஆட விட்டிருக்கறான். வெளிநாட்டுக்காரன் செஞ்சது, பாத்துக்குங்க, ஒரு போல்ட்டைப் போட்டு இறுக்க அவனுக்குத் துப்பில்லை. எனக்குப் பொறுக்குமுங்களா? ஸ்பிரிங்கைக் கழட்டி எறிஞ்சுட்டு, ஒரு ஓட்டை போட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனருல புல்லியை இறுக்கி வெச்சேன். அசையலை. புதுப் பெல்ட்டை மாட்டித் தட்டுனேன். டங்குன்னுச்சு.

ஸ்பிரிங்கை எறிஞ்சேன்னா சொன்னேன்? எறியலை. நல்ல ஸ்பிரிங்குங்க அது. என்ற மொபெட்டு சைடு ஸ்டாண்டு ரொம்ப நாளா தொங்கிக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு மாட்டிட்டேன். இப்ப ஸ்டாண்டு ஜம்முனு நிக்குது.

ரெண்டு வாரம் தாண்டலைங்க. அறுந்துருச்சு.

மறுபடியும் போனேன். அப்பறம் மறுபடியும். ஆவணி, பொரட்டாசி ரெண்டு மாசமும் இந்தப் பஸ்ஸுல நான் கிட்டத்தட்டக் கண்டக்டர் மாதிரி ஆகிட்டேன். அதா, அவருக்கும் எனக்கும் அப்படித்தான் பழக்கம். முதல்ல மேகலா மேலதான் எனக்குச் சந்தேகம். அதிகமாத் துணி போடறா. அதைச் சொன்னேன், பாதி பாதியாப் போட ஆரம்பிச்சா. அப்பவும் அறுந்துச்சு. பொறவு மாப்பிள்ளை மேல சந்தேகம். டிரம்மு சுத்தறப்பவே கதவைத் தொறக்கறாருன்னு. அவரு, 'இல்லீங்க மாமா, நான் அந்தப் பக்கமே போறதில்லை'ங்கறாரு. சேரி, பெல்ட்டு மட்டமோன்னு ஒசத்திப் பெல்ட்டா வாங்கி மாட்டுனேன். அதுவும் பிசிறு பிசிறாப் பிஞ்சு கெடக்குது, ரப்பரு கருகுன வாடை. மலையில கரண்டு ஏறி எறங்குதுன்னு நெனைச்சேன். குளிருக்கு ரப்பரு சுருங்குதுன்னு நெனைச்சேன். ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிட ஒரு சுத்து சேத்தித்தான் இறுக்கிட்டு வந்தேன். அதுக்கு மேல ஒரு மனுசன் என்னங்க பண்றது?

அலுப்பா இருக்குதுங்க. வயசாச்சு. மேட்டுப்பாளையத்துல எறங்கி, இந்தப் பஸ்ஸுக்கு நின்னு, வளைவு வளைவா ஏறி, மழையில நனைஞ்சு, போயிக் குந்தி எந்திரிச்சா முழங்காலு ரெண்டும் கெஞ்சுது.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த வேலை நடக்கறப்ப நல்லா இருக்குமுங்க.

மெசினுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு ஆளு குந்தற எடந்தான். நான் அங்க பூந்துக்குவேன். மேகலா ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து டார்ச்சு அடிப்பா. அடிச்சுக்கிட்டே பேசுவா. அவ பையன் கணக்குல தடுமாறுறது, மாமியாருக்குக் கண்ணு ஆபரேசன், தினகரனுக்கு வண்டி ஓட்டி ஓட்டி இடுப்பு வலி, எல்லாம் சொல்லுவா. போனுல அப்படிப் பேச மாட்டாளுங்க. போனுல 'நல்லாருக்கீங்களா, சாப்புட்டீங்களா, அம்மாகிட்டக் குடுங்க' அவ்வளவுதான். மெசினுக்குப் பின்னாடி நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வேலை பாக்கறப்பத்தான் அவளுக்குப் பேச்சு வரும். ஒருநாளு சொன்னா, 'அப்பா, சின்னப்புள்ளையில உங்களைக் கண்டா எனக்கு நெம்பப் பயமுங்க'ன்னா. டார்ச்சை இந்தப் பக்கம் காட்டு அம்மிணின்னேன்.



இது குஞ்சப்பனை செக்போஸ்ட்டுங்க. நிக்கும். பிளாஸ்டிக் இருக்குதான்னு பாப்பாங்க. என்ற பையைப் பாத்துட்டு ஒருவாட்டி, 'பெரியவரே, யாரு வீட்டைத் தொறக்கப் போறீங்க'ன்னு கேட்டாங்க. மக வீட்டைன்னேன். சிரிச்சுட்டு விட்டுட்டாங்க.

அப்பறமுங்க, தீவாளிக்கு முந்தி நடந்தது. தலைவலி போயித் திருகுவலி வந்த கதை. பெல்ட்டு அறுந்தது போக, டிரம்மே எறங்கிருச்சு. பின்னாடி டிரம்மைத் தாங்கற பேரிங்கு தேஞ்சு ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்குது. சுத்தறப்ப தடக்கு தடக்குனு ஒதைக்குது. டிரம்மு சாஞ்சதுல விழுந்த சந்துல பெட்ஷீட்டு மாட்டி, ஓரத்துல கன்னங்கரேல்னு கிரீசுக் கோடு. வெள்ளைப் பெட்ஷீட்டுங்க. ரிசார்ட்டு மேனேசரு ஒரு கட்டுப் பெட்ஷீட்டைத் திருப்பி அனுப்பிட்டாரு. தீவாளிக்கு எல்லா ரூமும் நெறஞ்சு கெடக்குது, இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா குன்னூருல வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு சொல்லிட்டாராம். அந்த ஒரு ரிசார்ட்டுதான் அவங்களுக்குச் சோறு. மத்ததெல்லாம் ஊறுகாய். அது போச்சுன்னா முதலுக்கே மோசம்.

நானும் மயிலாத்தாளும் சேந்தே போனோம். அவ போயி எறங்குனதுல இருந்து அடுப்பாங்கரையில கயிறு கட்டிப் பெட்ஷீட்டைத் தொங்க விட்டா. அடுப்புச் சூட்டுல பாதி காயும், மீதியைத் தாயும் மகளும் இஸ்திரிப் பெட்டியிலயே காய வெச்சாங்க. ஈரத்துணியில பெட்டியை வெச்சா ஆவி அடிக்குமுங்களே, மேகலாவுக்கு ரெண்டு கையும் கொப்புளம். அதைப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கலைங்க. இந்த மெசினை உக்கடத்துலயே விட்டிருக்கலாம்னு தோணிப்போச்சு. பேரிங்கு ஒண்ணு கோயமுத்தூருல இருந்து வரவெச்சு, கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கறேன்.

அப்பத்தான் ஒரு பையன் வந்தான். பையன்னா கலியாணம் ஆனவன்தான். ரஃபீக்குன்னு பேரு. மேகலா சொன்ன குன்னூரு மெக்கானிக்கு. பக்கத்து வீட்டுப் பிரிட்ஜுக்கு வந்தானாம். வந்தவன் பிரிட்ஜைப் பாத்துட்டுப் போக வேண்டியதுதானே. எம்மக பின்னாடி வந்து நின்னு எட்டிப் பாக்கறான். பாத்துட்டு மொள்ளமாச் சொல்றான், 'ஐயா, அந்தப் புல்லி ஆடத்தான் செய்யும். துணி கனமா விழறப்ப அது கொஞ்சம் வுட்டுக் குடுக்கும், லேசானா இழுத்துக்கும். அதுக்குத்தான் ஸ்பிரிங்கு. அது எங்கீங்க?'

ஸ்பிரிங்கு மொபெட்டுல இருக்குதுன்னு அவன்கிட்டப் போயி நான் சொல்லோணுமா? தம்பி, நீ பொறக்கறதுக்கு முந்தி இருந்து நான் பெல்ட்டு மாட்டிக்கிட்டு இருக்கறேன்னேன். 'சரிங்கய்யா'ன்னுட்டுப் போயிட்டான். மரியாதை தெரிஞ்ச பையன்தான். வேலைதான் தெரியலை.

அன்னைக்கு டார்ச்சு அடிச்சது மேகலாதான். ஆனா பேசவே இல்லை. கை கொப்புளத்தோட டார்ச்சு ஆடுது. கடைசியா மொனகுனா, 'அப்பா, ரஃபீக்கு ஒருதடவை பாக்கட்டுமே'ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஸ்பேனரைக் கீழ போட்டேன். அப்பன் உசுரோட இருக்கறப்ப அவனைக் கூப்புட்டயின்னா இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டேன். மருமகன் வந்து, 'மாமா, இருக்கட்டுமுங்க, நீங்களே பாருங்க'ன்னாரு. மயிலாத்தாள் அடுப்பாங்கரையில இருந்து ஒரு தடவை பாத்தா. பாத்துட்டு மறுக்கா இஸ்திரி போட ஆரம்பிச்சுட்டா.

முடிச்சேன். இறுக்குனேன். தட்டுனேன். டங்குன்னுச்சு. தீவாளிக்கு அங்க இருக்கப் புடிக்கலை, அன்னைக்கே எறங்கி வந்துட்டேன். மயிலாத்தாள் மட்டும் 'நாலு நாளு கூடமாட இருந்துட்டு வர்றேனுங்க'ன்னா. சேரின்னுட்டேன்.

அந்த நாலு நாளு இன்னும் முடியலைங்க. கார்த்திகை தீபமும் போயாச்சு.

இப்ப நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க. அதுக்கப்பறம் மெசினு கெட்டுப்போச்சுன்னு ஒரு போனு வரலை. ஒண்ணே ஒண்ணு கூட. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அறுந்துக்கிட்டு இருந்த பெல்ட்டு, இத்தனை நாளா அறுந்துபோகலைன்னா நம்பறதுக்கு நான் என்ன கேனையனா? மறைக்கறாங்க. நான் கோவிச்சுக்கிட்டு வந்ததுல பயந்துக்கிட்டு மறைக்கறாங்க. மெசினு நின்னுபோச்சு, தாயும் மகளும் இஸ்திரிப் பெட்டியிலயே காய வெச்சுக்கிட்டுக் கெடக்கறாங்க. இல்லாட்டி மயிலாத்தாள் எதுக்குங்க இன்னும் அங்க இருக்கா? மெசினு ஓடுச்சுன்னா அவ ஊட்டுக்கு வந்திருப்பாளே. வராம அவளுக்கு அங்க என்ன சோலி?

போனுல கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறா. 'வர்றேனுங்க, வர்றேனுங்க'ன்னுதான் சொல்றா. ஆனா போனுல ஒருநாளு பின்னாடி மெசின் சத்தம் கேட்டுச்சு. எனக்குக் காது தப்பாது. தடக்கும் இல்லை, டங்கும் இல்லை, ஒரே சீரா, கொழந்தை தூங்கறப்ப மூச்சு விடுற மாதிரி கேக்குது. எனக்குப் பகீர்னு ஆச்சு. அப்படிச் சத்தமே இல்லாம ஓடுச்சுன்னா பெல்ட்டு தொளதொளன்னு ஆகிருச்சுன்னு அர்த்தம். வழுக்கிக்கிட்டே ஓடும், திடீர்னு ஒருநாளு கழண்டுக்கும். அந்த ரிசார்ட்டும் போயிரும். அதுக்குத்தான் கெளம்பிட்டேன், சொல்லாமக் கொள்ளாம. வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னவன் போறதுக்கு வெக்கமாத்தான் இருக்குது. அதைப் பாத்தா முடியுமுங்களா, புள்ளை கையில கொப்புளம்.

கோயமுத்தூருல எங்கூட்டுலயும் ஒண்ணும் சரியில்லீங்க. மெஸ்ஸுல சாப்பாடு. ராத்திரிக்கு ரெண்டு தோசை. ஊறுகாய்ப் பாட்டிலை நானே மூடறேன், நானே தொறக்கறேன். வாசல்ல பாட்டிலோட நிக்கறதுக்கு ஆளு இல்லை. எப்பவும் கடை மூடி வர்றப்ப, இவளுக்கு ஒரு மூடி கூடத் தொறக்கத் தெரியலையேன்னு சலிச்சுக்கிட்டே வருவேன். இப்ப சலிச்சுக்கறதுக்கும் யாரும் இல்லை.

இருங்க, போனு அடிக்குது. அட, அவதான்.

அலோ. ம். சாப்புட்டேன். இல்லை, கடையில இல்லை. பஸ்ஸுல. ஆமா, ஆரன் சத்தந்தான். எங்கயா? அங்கதான் வந்துக்கிட்டு இருக்கறேன். குஞ்சப்பனை தாண்டியாச்சு. ஏன், வரக்கூடாதா? சேரி, சொல்லு. என்னது? எப்ப? யாரைக் கேட்டு? ம். ம். பையா? பையைக் கொண்டாந்தா என்ன? அலோ. அலோ.

சிக்னலு போச்சுங்க. இந்த வளைவுல எப்பவும் போயிரும்.

என்ன சொல்றாள்னா, மெசினு நல்லா ஓடுதாம். தீவாளிக்கு அடுத்த வாரமே அந்த ரஃபீக்கு வந்து புது ஸ்பிரிங்கு ஒண்ணு போட்டுட்டானாம். போல்ட்டைக் கழட்டிட்டுப் பழையபடி புல்லியை ஆட விட்டுட்டானாம். மயிலாத்தாள்தான் கூப்புட்டுவிட்டாளாம். 'மேகலா இல்லீங்க, நாந்தான் கூப்புட்டேன், வையறதுன்னா என்னை வைங்க'ங்கறா. அந்த வாயே தொறக்காத பொம்பளை சொல்றாளுங்க. அன்னையில இருந்து ஒரு கோளாறும் இல்லையாம். ரிசார்ட்டுக்காரங்க தேயிலைத் தோட்டத்துப் பங்களாத் துணியையும் சேத்திக் குடுத்திருக்கறாங்களாம்.

ஓடும். ஓடாம என்ன. ஒரு மாசமா ஓடுதுன்னா இன்னைக்கோ நாளைக்கோ அறுந்துரப் போகுதுன்னுதான் அர்த்தம். ஆடுறது ஒருநாளைக்கு விழத்தானுங்க செய்யும்.

இல்லீங்களா? 

அதுகூடப் பரவாயில்லைங்க. கடைசியா ஒண்ணு சொன்னா பாருங்க, அதுதான் எனக்கு விளங்கலை. 'நீங்க வாங்க. மேகலாவும் உங்களையத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா. உங்களுக்குப் புடிக்கும்னு பச்சைப்பயிறு கடையப் போறா. பையை மட்டும் கொண்டாராதீங்க. சும்மா வாங்க'ங்கறா.

சும்மா வாங்கன்னா எப்படிங்க சும்மா போறது? மக வீட்டுக்கு வெறுங்கையை வீசிக்கிட்டுப் போற வழக்கம் நம்ம சனத்துல உண்டுங்களா? மைசூர்பாகு இருக்குது, சேரி, அது பேரனுக்கு ஆச்சு. நான் போயி என்ன பண்றது? எங்க உக்காருறது? சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த வீட்டு முன்னறையில நான் உக்காந்ததே இல்லை. ரெண்டு சேரு கெடக்குது. எது மருமகன் சேரு, எது வந்தவங்க சேருன்னு எனக்குத் தெரியாது. நேரா பின்னாடி போவேன், சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுவேன், மெசினுக்குப் பின்னாடி பூந்துக்குவேன். டீ அங்கயே வரும். மக அங்கயே வருவா. அந்தச் சந்துதானுங்க எனக்கு அந்த வீட்டுல எடம்.

மெசினு ஓடுச்சுன்னா அவ எதுக்கு டார்ச்சு அடிக்கப் போறா? டார்ச்சு அடிக்கலைன்னா என்கிட்ட என்னத்தைப் பேசப் போறா? 'நல்லாருக்கீங்களா, சாப்புட்டீங்களா.' அவ்வளவுதான். அதுக்கு இத்தனை தூரம் மலையேறி வரணுமா?

அவ வாழ்க்கை நல்லா இருந்தாச் சந்தோசந்தான். அப்பன்னா அதைத்தானே நெனைக்கணும். நெனைக்கறேன். 

அவ குரலு வேற மாதிரி இருந்துச்சு. மயிலாத்தாள் குரலு. சிரிச்சுக்கிட்டே பேசுன மாதிரி. நான் அவளை வையலைங்கறதைக் கவனிச்சீங்களா? சிக்னலு போயிருச்சு, அதனாலன்னு வெச்சுக்குங்க.

அதா, தேயிலைக் காடு தெரியுது பாருங்க. அரவேனு வந்துருச்சு. இந்த மழையைப் பாருங்க, நிக்கற மாதிரியே தெரியலை. இதுல பெட்ஷீட்டு எப்படிக் காயும், அந்த மெசினு இல்லாட்டி.

கண்டக்டரண்ணா, அரவேனு ஒண்ணு. எறங்கிக்கறேன், கொஞ்சம் நிறுத்திக்குங்க.

தம்பி, அந்த மைசூர்பாகுப் பையை எடுங்க. ஆமாங்க, அதுதான். பெரிய பை... பெரிய பை அங்கயே கெடக்கட்டும். திரும்பி எறங்கறப்ப மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர்கிட்டக் குடுத்துரச் சொல்லுங்க கண்டக்டர்கிட்ட. என்ற பேரைச் சொன்னாத் தெரியும். பாரமாத்தான் இருக்கும், காலை மட்டும் பாத்துக்குங்க. இல்லை, இருங்க. ஜிப்பைத் தொறங்க. வர மாட்டேங்குதுங்களா? குடுங்க, நான் போட்டது, நாந்தான் தொறக்கணும். அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை... வேண்டாம், அதுவும் கெடக்கட்டும். டார்ச்சை மட்டும் எடுத்துக்கறேன். மழை நாளுங்க, கரண்டு எப்ப வேணா போகும்.